கேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை) ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது: 200 லிட்டர் ரீஃப் (கடல்நீர்ப் பவளத்) தொட்டி, சிங்கப்பூர்

செங்காங்வாசி (சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியும் சம்ப்பும் (அடியில் இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து, பாறை மணலெல்லாம் கழித்தால் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 200 லிட்டர். பவளங்களில் மோன்டிபோரா மூன்று, அக்ரோபோரா ஐந்தாறு சின்னத் துண்டுகள், பெரிய ஹேமர் ஒன்று, கூடவே ஜோவாந்தஸ். மீன் குறைவுதான். ஸ்கிம்மர் (காற்று நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) ஓடுகிறது. ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக ஏடிஓ (மட்டம் குறைந்தால் தானாக நிரப்பும் பம்ப்) வழியாகச் சுண்ணாம்புத் தெளிவு நீர் போகிறது, லிட்டருக்கு முக்கால் கிராம். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன்.

ஒரு வருடத்துக்கு மேலாகக் கேஹெச் 8.5-ல் (அலகு டிகேஹெச்) அசையாமல் நின்றது. இப்போது ஒரு மாதமாக நிற்க மாட்டேன் என்கிறது. ஞாயிறு அன்று பஃபர் பவுடர் போட்டு 9.2-க்குக் கொண்டுவருகிறேன். புதன்கிழமை 7.4. சனிக்கிழமை 6.9. மறுபடி பவுடர். அக்ரோபோரா இரண்டின் நுனி வெளுத்துவிட்டது.

மற்ற அளவுகள்: உப்படர்த்தி 1.026, கால்சியம் 405 பிபிஎம் (முன்பு 440 பக்கம் இருந்தது), மெக்னீசியம் 1320, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05. காலையில் பிஹெச் 7.9, முன்பு 8.1 காட்டும். புது சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) மாட்டியதிலிருந்து வெப்பநிலை 26-லேயே நிற்கிறது, ஆகவே வெப்பம் காரணமாக இருக்காது.

மெக்னீசியத்தைக் கூட்டிப் பார்க்கலாமா? கடைக்காரர் அதைத்தான் சொன்னார்.

பவளமேடு (கோலாலம்பூர்)

மெக்னீசியத்தைத் தொடாதீர்கள். கடல்நீரிலேயே 1280, 1300 அளவில்தான் இருக்கும், உங்களுடையது நன்றாகவே இருக்கிறது. மெக்னீசியத்தின் வேலை வேறு. கால்சியம் கார்பனேட் படிகம் உருவாகத் தொடங்கும்போது அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கும். அது 1100-க்குக் கீழே போனால்தான் என்ன போட்டாலும் கேஹெச்சும் கால்சியமும் நிற்காமல் ஹீட்டர் மேலும் பம்ப் மேலும் வெள்ளையாகப் படியும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

முதலில் கேஹெச் அளக்கும் கிட்டைச் சந்தேகப்படுங்கள். எது வைத்திருக்கிறீர்கள், எப்படி அளக்கிறீர்கள்? சாலிஃபர்ட் கம்பெனிக் கிட் என்றால் நிறம் மாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறீர்களா, முழுதாக மாறியபின் நிறுத்துகிறீர்களா? நான் சிரிஞ்சில் கடைசிப் பகுதிக்கு வந்ததும் ஒவ்வொரு துளியாகப் போட்டு, குப்பியை வெள்ளைத்தாள் முன்னால் பிடித்துச் சுழற்றிப் பார்ப்பேன். நீலப்பச்சை போய் ஒரு அழுக்குச் சாம்பல் நிறம் வரும். அங்கே நிறுத்தக்கூடாது. அதற்கு அடுத்த துளியிலோ அதற்கும் அடுத்ததிலோ இளஞ்சிவப்பு வந்து, சுழற்றிய பிறகும் போகாமல் நிற்கும். அதுதான் அளவு. சிரிஞ்ச் முனையில் காற்றுக்குமிழி இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், கறுப்பு பிஸ்டனின் விளிம்பைப் பார்த்துப் படித்தால் போதும்.

இன்னொன்று, தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். விளக்கு எரியும்போது பவளம் கேஹெச்சை அதிகம் இழுக்கும், இரவில் குறைவு. இன்று காலை, நாளை மறுநாள் இரவு என்று அளந்தால் அந்த எண்களை ஒப்பிடவே முடியாது.

சும்மாயிரு (சென்னை)

அளப்பதை விடுங்கள் சார். வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், தொட்டி தானாகச் சரியாகும். எங்கள் காலத்தில் இத்தனை கிட் ஏது?

பனிக்கடல் (டொராண்டோ)

பிஹெச் 8.1-லிருந்து 7.9-க்கு இறங்கியதை யாரும் கவனிக்கவில்லையே. அறையில் ஏசி போட்டுச் சன்னல், கதவெல்லாம் சாத்தி வைத்திருக்கிறீர்களா? மனிதர் விடும் மூச்சிலிருந்து சேரும் கார்பன் டை ஆக்சைடு தொட்டித் தண்ணீரில் கரைந்து பிஹெச்சை இழுத்துவிடும். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் இதே கதைதான், நவம்பரில் சாத்தும் சன்னலை ஏப்ரலில்தான் திறக்கிறோம். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சுவர் வழியாக வெளியே நீட்டினேன். காலை பிஹெச் 7.8-லிருந்து 8.1-க்கு வந்தது.

உப்புக்காற்று (ஜொகூர் பாரு, சொந்த ஊர் தூத்துக்குடி)

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறீர்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால்தான் எது பொருந்தும் என்று தெரியும்.

சும்மாயிரு தம்பிக்கு முதலில். தொட்டியில் 7, புதுத் தண்ணீரில் 8.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் மாற்றினால் எவ்வளவு ஏறும்? ஒன்றரையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.3. அதுவும் வாரத்துக்கு ஒருமுறை. கல் பவளம் உள்ள தொட்டி ஒரு நாளிலேயே அதைவிட அதிகம் தின்றுவிடும். மென்பவளமும் மீனும் மட்டும் என்றால் தண்ணீர் மாற்றினாலே போதும், அதில் தம்பி சொல்வது சரி. இந்தத் தொட்டிக்குக் கட்டாது.

டொராண்டோக்காரர் சொன்ன கார்பன் டை ஆக்சைடு பிஹெச்சை மட்டும்தான் மாற்றும். காரத்தன்மையை அது தொடாது. ஒரு தம்ளர் கடல்நீரில் சோடாக் காற்றை ஊதினால் பிஹெச் விழும், கேஹெச் அப்படியே இருக்கும். அதனால் 9.2 எப்படி 6.9 ஆனது என்பதற்கு அது விடை ஆகாது.

செங்காங்வாசிக்கு இரண்டு கேள்வி. ஒன்று, கிட்டை வேறொரு கிட்டோடு ஒப்பிட்டீர்களா? இரண்டு, சில்லர் மாட்டுவதற்கு முன் வெப்பத்துக்கு என்ன செய்தீர்கள்?

செங்காங்வாசி

அண்ணாச்சி, நண்பர் வீட்டு ஹன்னா செக்கரில் (டிஜிட்டல் மீட்டர்) பார்த்தேன். 7.2 காட்டியது, என்னுடையதில் 7.0. கிட்டில் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். உப்பும் அதே வாளிதான், மாற்றவில்லை. தண்ணீர் ஆர்ஓ டிஐ (சவ்விலும் ரெசினிலும் வடிகட்டியது), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம்.

சில்லருக்கு முன் சம்ப் மேல் இரண்டு ஃபேன், தொட்டி மேல் ஒன்று. சத்தம் தாங்காமல் வீட்டில் ஒரே பேச்சு, அதனால்தான் சில்லருக்கு மாறினேன். ஃபேன்களைக் கழற்றிவிட்டேன்.

உப்புக்காற்று

அப்படியா. ஏடிஓ வாளி எத்தனை லிட்டர்? முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்புவீர்கள், இப்போது எத்தனை நாளுக்கு?

செங்காங்வாசி

25 லிட்டர் கேன். முன்பு ஆறு நாளுக்கு ஒருமுறை. இப்போது இரண்டு வாரம் தாண்டி, 16 நாள் பக்கம் வருகிறது. நிரப்பும் வேலை குறைந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

இருங்கள். ஐயோ. சுண்ணாம்பு!

உப்புக்காற்று

அதேதான். ஃபேன் காற்று படும்போது தண்ணீர் ஆவியாகித்தான் சூடு குறையும். சில்லருக்கு ஆவியாதல் தேவையில்லை. உங்கள் சுண்ணாம்பு ஆவியாகும் தண்ணீரோடு கட்டப்பட்டிருக்கிறது, ஆவியாவது குறைந்தால் சுண்ணாம்பும் குறையும்.

இனி கணக்கு. கால்சியம் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு முக்கால் கிராம் என்றால் அந்த ஒரு லிட்டரில் சுமார் 20 மில்லிஈக்விவலன்ட் (காரத்தை எண்ணும் வேதியியல் அலகு) காரம். முன்பு நாளுக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக 85. அதை 200 லிட்டருக்குப் பரப்பினால் 0.42. லிட்டருக்கு ஒரு மில்லிஈக்விவலன்ட் என்பது 2.8 டிகேஹெச், எனவே நாளுக்கு ஏறக்குறைய 1.2 டிகேஹெச் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பவளமும் அதே 1.2-ஐத் தின்றது. அதனால்தான் ஒரு வருடம் 8.5-ல் நின்றது.

இப்போது நாளுக்கு ஒன்றரை லிட்டர். அதே கணக்கில் 0.43. தினமும் முக்கால் டிகேஹெச் பற்றாக்குறை. ஞாயிறு 9.2, புதன் 7.4 என்பது இதோடு ஒத்துப்போகிறது. புதனுக்குப் பிறகு வேகம் குறைந்து சனிக்கிழமை 6.9-ல் வந்து நிற்பதற்குக் காரணம், கேஹெச் இறங்க இறங்கப் பவளம் கூடு கட்டுவதையே குறைத்துக்கொள்கிறது. தொட்டி நிலைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

பிஹெச் இறங்கியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சுண்ணாம்பு நீர் உள்ளே போகும்போதே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும், அது குறைந்தால் காலை பிஹெச் விழும்.

பவளமேடு

அருமை அண்ணாச்சி. கால்சியம் 440-லிருந்து 405-க்கு வந்ததும் இதில்தான் அடங்கும். பவளம் ஒரு டிகேஹெச் எடுக்கும்போது கால்சியத்தில் 7 பிபிஎம் மட்டும்தான் எடுக்கும். சுண்ணாம்பு நீர் இரண்டையும் அதே விகிதத்தில் திருப்பிக் கொடுக்கும். பஃபர் பவுடரில் காரம் மட்டும்தான். வாரம் 2.3 டிகேஹெச் பவுடரால் ஏற்றி, அதைப் பவளம் தின்றால் வாரத்துக்கு 16 பிபிஎம் கால்சியம் ஈடில்லாமல் போகும். தண்ணீர் மாற்றியதில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கும், அதனால் இறக்கம் 35-ஓடு நின்றது.

இந்த விகிதத்தால்தான் நான் புதியவர்களிடம் கால்சியத்தை மாதம் ஒருமுறை பார், கேஹெச்சை வாரம் மூன்று முறை பார் என்று சொல்வது. கேஹெச் இரண்டு இறங்கினால் அது பெரிய ஆட்டம், கால்சியத்தில் அதே இறக்கம் 14 பிபிஎம்தான். கிட்டின் பிழையே அவ்வளவு இருக்கும்.

பனிக்கடல்

நான் பிஹெச் பக்கம் போனது அவசரம்தான், சரி. ஆனால் இந்தக் கதை எனக்கு நேர்மாறாக நடக்கிறது. ஜனவரியில் ஹீட்டிங் ஓடி வீட்டுக்குள் காற்று வறண்டுவிடும், தொட்டி கோடையில் குடிப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். ஏடிஓவில் சுண்ணாம்பு வைத்திருந்தபோது குளிர்காலத்தில் கேஹெச் 11-ஐத் தாண்டும், கோடையில் 7. அதற்கப்புறம் சுண்ணாம்பை ஏடிஓவிலிருந்து எடுத்து டோசிங் பம்ப்புக்கு (குறித்த அளவைத் தானாக விடும் சின்னப் பம்ப்) மாற்றிவிட்டேன். இப்போது ஏடிஓவில் வெறும் ஆர்ஓ தண்ணீர்தான்.

செங்காங்வாசி

சரி, இப்போது என்ன செய்யலாம்? பவுடரை நிறுத்திவிடவா? சுண்ணாம்பை இரட்டிப்பாக்கவா?

உப்புக்காற்று

பவுடரை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கொட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நுனி வெளுத்ததற்கு 6.9-ஐ விட, ஒரே மணி நேரத்தில் 6.9 போய் 9.2 ஆவதுதான் காரணம் என்பது என் எண்ணம். கடலில் 7 பக்கம்தான் இருக்கிறது, அக்ரோபோரா அங்கேதானே வளர்கிறது. 7.5 வைத்திருந்தாலும் 9 வைத்திருந்தாலும் தவறில்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவே ஊசலாடக்கூடாது.

இப்போது இருப்பதிலிருந்து நாளுக்கு அரை டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். 100 லிட்டருக்கு ஒரு டிகேஹெச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா போதும். உங்களுக்கு 200 லிட்டர், அரை டிகேஹெச், அதற்கும் 3 கிராம்தான். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, சம்ப்பில் ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் என்று எழுதியிருப்பது வேறு பொருள், அதை எடுத்துவிடாதீர்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு வருவோம். சுண்ணாம்பை லிட்டருக்கு ஒன்றரை கிராம் ஆக்கலாம், அதற்கு மேல் பெரிதாகக் கரையாது. ஒன்றரை லிட்டருக்கு நாளுக்கு 0.86 டிகேஹெச் கிடைக்கும். தேவை 1.2. மிச்சம் 0.34-க்கு நாளுக்கு 2 கிராம் சமையல் சோடாவும், 1.8 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் வேண்டும், இரண்டையும் தனித்தனியே கரைத்து வெவ்வேறு நேரத்தில் விடவேண்டும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றினால் பால்போல் கலங்கி எல்லாம் வீணாகும்.

என்னைக் கேட்டால் சுண்ணாம்பை முழுதாக விட்டுவிட்டு, இரண்டு தலை உள்ள டோசிங் பம்ப் ஒன்று வாங்கி, இந்த இரண்டு கரைசலையும் ஓட்டிவிடுங்கள் என்பேன். பவளம் வளர வளரத் தேவை 1.5, 2 என்று போகும். அப்போது ஆவியாதல் என்ற எல்லைக்குள் நிற்கவே முடியாது. பிஹெச் வேண்டும் என்றால் சமையல் சோடாவை ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், சோடியம் கார்பனேட் ஆகிவிடும். அது பிஹெச்சையும் சேர்த்து ஏற்றும். ஆனால் எடைக்கு எடை அதில் காரம் அதிகம், 3 கிராமுக்குப் பதில் 1.9 கிராம் போதும்.

பவளமேடு

ஏடிஓவில் முழுச் செறிவுச் சுண்ணாம்பு என்றால் எனக்குப் பயம். இங்கே ஒரு நண்பர் தொட்டியில் ஃப்ளோட் சுவிட்சின் (நீர்மட்டம் பார்க்கும் மிதவை) மேல் ஒரு நத்தை போய் உட்கார்ந்துவிட்டது. மிதவை கீழேயே நின்றது, இரவு முழுக்கப் பம்ப் ஓடி இருபது லிட்டருக்கு மேல் சுண்ணாம்பு நீர் தொட்டிக்குள். காலையில் உள்ளே பனி பெய்ததுபோல் இருந்தது, பிஹெச் 9-ஐத் தாண்டிவிட்டது. செங்காங்வாசி, எந்த வழியில் போனாலும் ஏடிஓவுக்கு இரண்டாவது சுவிட்ச் ஒன்றை மேலே பொருத்திவிடுங்கள்.

நெமோஅப்பா (கோயம்புத்தூர்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் புதியவன். இந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடு என்பது நம் வெற்றிலைச் சுண்ணாம்புதானே? பெட்டிக்கடையில் டப்பா மலிவாகக் கிடைக்கிறதே. அப்புறம், வீட்டுச் சமையலறை ஆர்ஓ தண்ணீர் போதுமா? ஏசியிலிருந்து வடியும் தண்ணீரும் சுத்தமானதுதானே? ஹேமர் பவளம் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

உப்புக்காற்று

தம்பி, கடைசியிலிருந்து வருகிறேன். ஹேமர் கல் பவளம். இந்தியாவில் கல் பவளங்கள் மொத்தமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த துண்டு என்றால் வைத்திருப்பதே குற்றம். கடைக்காரர் ஆயிரம் சொல்வார், வழக்கு வந்தால் அவர் வரமாட்டார். மீன் தொட்டியாக நடத்துங்கள், அதிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. என் சிறுவயதில் எங்கள் ஊர்ப் பக்கம் பவளப்பாறையை வெட்டி வள்ளத்தில் கொண்டுவந்து சுண்ணாம்புக்காகக் காளவாயில் எரித்தார்கள். அந்தப் பாறை திரும்ப வளர எத்தனை தலைமுறை ஆகும் என்று யோசித்தால் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று புரியும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு வேதியியலில் பெரும்பாலும் அதுதான். ஆனால் அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது. உணவுத் தரம் என்று போட்ட கால்சியம் ஹைட்ராக்சைடு தனியாகக் கிடைக்கும், அது விலை அதிகமும் இல்லை. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். எதுவானாலும் கரைத்துத் தெளியவிட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்கள். மேலே மெல்லிய ஏடு கட்டும், அது காற்றோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆனது, கெடுதல் இல்லை. மூடி வைத்தால் ஏடு குறையும். கையுறை போடுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

சமையலறை ஆர்ஓவில் பெரும்பாலும் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். ருசிக்காகக் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். அதனால்தான் மீட்டரில் 60, 80 என்று காட்டும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. அந்தக் கலப்பை அடைத்து, பின்னால் ஒரு டிஐ ரெசின் குழாய் மாட்டினால் பூஜ்யம் வரும். ஏசித் தண்ணீர் செம்புச் சுருளில் வழிந்து வருவது, இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். செடிக்கு ஊற்றுங்கள்.

சும்மாயிரு

தம்பிக்கு நானும் ஒன்று சொல்கிறேன். கடல்நீர் இலவசம் என்று எங்கள் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் போய்ப் பிடிப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளக்கும் கருவி) கையோடு கொண்டுபோங்கள். வங்காள விரிகுடாவின் வடக்கிலிருந்து ஆற்று நீர் கலந்த நீரோட்டம் கரையோரமாகவே தெற்கே வரும், உப்பு நன்றாகக் குறைந்திருக்கும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் வைத்துச் சரிபாருங்கள்.

பனிக்கடல்

அளப்பதை விடச் சொன்னவர் ரிஃப்ராக்டோமீட்டரோடு வருகிறார் :)

சும்மாயிரு

உப்பை அளக்க வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? கேஹெச்சைத்தான் சொன்னேன். அதிலும் கல் பவளம் வைத்தால் அண்ணாச்சி கணக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பம்ப் வாங்கியவர்கள் தண்ணீர் மாற்றுவதையே மறந்துவிடுகிறார்கள். சமையல் சோடாவில் சோடியம், கால்சியம் குளோரைடில் குளோரைடு, பவளம் தனக்கு வேண்டியதை எடுத்தபின் மிச்சம் இந்த இரண்டும்தான், அதாவது வெறும் சமையலுப்பு. அது சேர்ந்துகொண்டே போகும், மற்ற அயனிகளின் விகிதம் மாறும். அதற்குத் தண்ணீர் மாற்றித்தான் ஆகவேண்டும்.

உப்புக்காற்று

அதில் மறுப்பே இல்லை தம்பி.

செங்காங்வாசி

சொல்லாமல் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம், முடிவு தெரிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

டோசிங் பம்ப் வாங்கிவிட்டேன், சுண்ணாம்பு முழுவதும் நிறுத்தம். நான்கு நாளில் அரை அரையாக ஏற்றி 8.4-க்குக் கொண்டுவந்தேன். பிறகு 1.2 கணக்கில் தொடங்கினேன், கேஹெச் 8.8-க்கு மெல்ல ஏறியது. நுனி போன இரண்டு அக்ரோபோராவும் இன்னும் பழையபடி இழுக்கவில்லை போல. அளவை 1.0-க்குக் குறைத்தேன். இப்போது இரவு எட்டு மணி அளவுகள் 8.3, 8.5, 8.4 என்று போகின்றன. கால்சியம் 420. காலை பிஹெச் இன்னும் 7.9-தான், சோடாவை ஓவனில் வைக்க வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

அக்ரோபோராவில் ஒன்றின் நுனியில் புதுத் தோல் மூடிவிட்டது. இன்னொன்று அடியிலிருந்து உரிகிறது, மேல்பகுதியை வெட்டி வேறு பாறையில் ஒட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம்: பம்ப் 10 மில்லி என்று வைத்தால் அளவுக் குடுவையில் 9.3 தான் விழுகிறது. இது சாதாரணமா?

பவளமேடு

சாதாரணம்தான். உள்ளே உருளும் ரப்பர் குழாய் நாளாக ஆகத் தளர்ந்து அளவு குறையும். மாதம் ஒருமுறை குடுவையில் பிடித்துப் பார்த்து கேலிபரேஷன் செய்யுங்கள், வருடம் ஒருமுறை குழாயை மாற்றுங்கள். அடுத்த மாதம் கேஹெச் காரணமில்லாமல் இறங்கினால் முதலில் அங்கே பாருங்கள். கார்பனேட் பக்கத்துக் குழாய் முனையில் வெள்ளையாகக் கட்டி அடைத்துக்கொள்ளும், அதைத் தண்ணீருக்குள் முக்கி வைக்காமல் ஓர் அங்குலம் மேலே தொங்கவிடுங்கள்.